புயலுக்குப் பின் மக்கள் மிருகமாவதில்லை

பெரும்புயல் ஓய்ந்ததும் சட்டம் ஒழுங்கு சிதறிவிடும், பசித்த கூட்டம் கொள்ளையிலும் கொலையிலும் இறங்கிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது பொய். ஆளைக் கொல்லும் பொய். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானாவைத் தாக்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் 80 விழுக்காடு மூழ்கியது. ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்த சூப்பர்டோம் அரங்கில் கொலையும் வன்புணர்வும் தலைவிரித்தாடுவதாக மேயரும் காவல்துறைத் தலைவருமே தொலைக்காட்சியில் சொன்னார்கள். அரங்கில் 200 பிணங்கள் கிடக்கின்றன என்ற பேச்சை நம்பி, குளிர்பதன லாரியோடு வந்தார் மத்திய அரசின் பேரிடர் முகமை மருத்துவர் ஒருவர். கிடைத்தவை ஆறு உடல்கள். நான்கு பேர் இயற்கையாக இறந்தவர்கள். ஒருவர் அளவுமீறிய போதை மருந்தால் இறந்தார். இன்னொருவருடையது தற்கொலை என்று கருதப்பட்டது.

கடைகள் சூறையாடப்படவில்லையா என்று கேட்பார்கள். சூறையாடப்பட்டன, தொலைக்காட்சிப் பெட்டி தூக்கிப்போனவர்களும் உண்டு. ஆனால் தண்ணீரும் ரொட்டியும் குழந்தைக்கு டயப்பரும் தேடி உடைந்த கடைக்குள் நுழைந்தவர்களையும் அதே கணக்கில் சேர்த்தார்கள். சொந்தப் படகில் வந்து, முகம் தெரியாதவர்களைக் கூரைகளிலிருந்து இறக்கிய சாதாரண மக்களோ அந்தக் கணக்கில் வரவே இல்லை. பேரிடர்க் காலத்தில் மக்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள் என்பதைச் சமூகவியலாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

வதந்தியே ஆனாலும் முன்னெச்சரிக்கையாக இருப்பதில் என்ன தவறு என்பது அடுத்த கேள்வி. அந்த முன்னெச்சரிக்கை என்ன செய்தது என்று பாருங்கள். மூன்றாம் நாளே, மீட்புப் பணியில் இருந்த சுமார் 1,500 போலீசாரைக் கொள்ளையைத் தடுக்கத் திரும்பச் சொன்னார் மேயர். கூரைமேல் ஆட்கள் காத்திருந்த நேரம் அது. மிசிசிப்பிப் பாலத்தின் வழியே நடந்தே வெளியேற முயன்றவர்களை, அக்கரையிலிருந்த கிரெட்னா நகரப் போலீசார் தலைக்கு மேலே சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 4 அன்று நியூ ஆர்லியன்ஸின் டான்சிகர் பாலத்தில், ஆயுதம் எதுவுமில்லாத மக்கள்மீது அந்நகரப் போலீசார் சுட்டதில் இருவர் இறந்தனர், நால்வர் காயமடைந்தனர். இறந்தவர்களில் ஒருவர் 17 வயதுச் சிறுவன், மற்றவர் மனவளர்ச்சி குன்றியவர். அவர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்று போலீசார் கதை கட்டினார்கள். துப்பாக்கி ஒன்றையும் சாட்சியமாகச் சேர்த்தார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 2016இல் ஐந்து அதிகாரிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

அடுத்த புயலின்போது கொள்ளைக் கூட்டம் என்று ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், பார்த்தது யார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்வரை அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.