காட்டுத்தீயின் நடுவே கைமாறும் கட்டளைப் பொறுப்பு

உத்தராகண்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான நான்கு மாதங்கள் காட்டுத்தீக் காலமாகக் கணக்கிடப்படுகின்றன. தீயைக் கண்டறியும் வசதி கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. 375 மீட்டர் நுணுக்கத்தில் வெப்பப் புள்ளிகளைக் காட்டும் செயற்கைக்கோள் உணரியின் தரவுகளைக் கொண்டு, டேராடூனில் இயங்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் வனப் பணியாளர்களின் கைப்பேசிக்கே எச்சரிக்கை அனுப்புகிறது. எச்சரிக்கை வந்த பிறகு களத்தில் ஆணையிடுபவர் யார், அவர் அப்பொறுப்பை இன்னொருவரிடம் எப்போது, எவ்வாறு ஒப்படைப்பார், எந்தத் தீயை முதலில் அணைப்பது, எதைச் சற்று நேரம் எரியவிடுவது ஆகிய கேள்விகளுக்குச் செயற்கைக்கோளிடம் விடை இல்லை.

2023-24ஆம் ஆண்டின் தீக் காலத்தில் நாடு முழுவதும் 2,03,544 வெப்பப் புள்ளிகள் பதிவாகின. முந்தைய ஆண்டின் எண்ணிக்கையான 2,12,249ஐவிட இது குறைவு. எனினும் அந்தப் பட்டியலில் 21,033 புள்ளிகளுடன் உத்தராகண்ட் முதலிடத்துக்கு வந்தது. ஒரே நாளில் பல மலைச்சரிவுகள் எரியும்போது ஆட்கள், வாகனங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றில் எதுவுமே போதாது என்பதே அடிப்படைச் சிக்கல். எனவே, எதற்கு முன்னுரிமை என்று எவரேனும் ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும்.

2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்தின் பின்சர் வனவிலங்குச் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனத்துறை அணியினரைத் தீ சூழ்ந்துகொண்டது. நான்கு பேர் அங்கேயே உயிரிழந்தனர்; நான்கு பேர் பலத்த தீக்காயமடைந்தனர். இதையடுத்து வனத்துறையின் மூத்த அதிகாரிகள் சிலர் மீது மாநில அரசு பணியிடை நீக்கம் உள்ளிட்ட நடவடிக்கை எடுத்தது. பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்கு விபத்துக்குப் பின் ஓரிரு நாள்களில் விடை கிடைத்துவிடுகிறது. அதே கேள்வி தீ மூண்ட முதல் மணி நேரத்தில் கேட்கப்படுவதில்லை என்பதுதான் இத்தகைய நிகழ்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் குறை.

குமாவுன், கட்வால் மலைகளில் இக்குறைக்கு நிர்வாகக் காரணமும் உண்டு. ஒரே சரிவின் மேற்பகுதி வனத்துறையின் காப்புக்காடாக இருக்கும்; நடுப்பகுதி வருவாய்த்துறையின் கீழ் வரும் சிவில்-சோயம் காடாக இருக்கும்; கீழ்ப்பகுதியோ கிராமத்தாரின் வனப் பஞ்சாயத்துக்கு உரியது. சீர் பைன் மரங்கள் உதிர்த்த காய்ந்த ஊசியிலைகளில் பற்றும் நெருப்பு இந்த எல்லைக்கற்களைப் பார்த்து நிற்பதில்லை. ஆனால் அணைக்க வருபவர்கள் நிற்கிறார்கள். அல்லது, எவர் ஆணையை எவர் ஏற்பது என்பது தெளிவாகாமலேயே மூன்று தரப்பினரும் ஒரே சரிவில் தனித்தனியே வேலை செய்கிறார்கள்.

இந்நிலையைச் சீர்செய்வதற்கான விதிமுறைகள் நம் நாட்டில் ஏற்கெனவே உள்ளன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட சம்பவ எதிர்வினை முறைமைக்கான வழிகாட்டுதல்களின்படி, மாவட்ட அளவில் பொறுப்பு அலுவலர் மாவட்ட ஆட்சியரே. அவருக்குக் கீழ்க் களத்தில் ஒரு சம்பவத் தளபதியும், அவருக்குத் துணையாகச் செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் ஆகிய மூன்று பிரிவுகளும் இயங்க வேண்டும். பணியாளர்களின் உயிர்ப் பாதுகாப்பை மட்டுமே கவனிக்கும் ஒரு பாதுகாப்பு அலுவலரும் தளபதிக்கு அருகில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் மூலம் அமெரிக்காவில் உள்ளது. 1970இன் இலையுதிர் காலத்தில் கலிபோர்னியாவில் பதின்மூன்று நாள்கள் எரிந்த தீயில் 16 பேர் மாண்டனர். பல துறைகள் ஒரே களத்தில் ஒருவரோடொருவர் பேச முடியாமல் திணறிய அந்த அனுபவமே இம்முறைமைக்கு வித்திட்டது. காட்டுத்தீக்காகவே பிறந்த முறைமை இது. இந்தியாவிலோ வெள்ளம், புயல் ஒத்திகைகளில்தான் அது பெரும்பாலும் பேசப்படுகிறது. காட்டுத்தீ இன்றளவும் வனத்துறையின் உள்விவகாரமாகவே கருதப்படுகிறது.

பொறுப்பு ஒப்படைப்பு குறித்து இம்முறைமை சொல்வது எளிமையானது, ஆனால் நம் அலுவலகப் பண்பாட்டுக்குச் சற்று அந்நியமானது. களத்தை முதலில் அடையும் தகுதியுள்ள பணியாளரே, அவர் வனக்காவலராகவே இருந்தாலும், அந்தத் தீயின் தளபதி. மூத்த அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியதனாலேயே பொறுப்பு கைமாறிவிடுவதில்லை. வந்தவர் முதலில் விவரங்களைக் கேட்டறிய வேண்டும்: தீ எந்தத் திசையில் நகர்கிறது, காற்று எப்போது மாறக்கூடும், எந்த அணி எந்தச் சரிவில் நிற்கிறது, அந்த அணி பின்வாங்குவதற்கான வழி எது, எந்த ஊர் காலி செய்யப்பட்டது, இதுவரை எடுத்த முடிவுகள் எவை, எடுக்காமல் விட்டவை எவை. இயன்றவரை நேருக்கு நேர், எழுத்துக் குறிப்புடன் இந்த விளக்கம் அமைய வேண்டும். அதன்பின், இன்ன நேரம் முதல் இன்னார் பொறுப்பேற்கிறார் என்று வானொலிக் கருவியில் அனைத்து அணிகளுக்கும் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு இல்லையெனில், பழைய தளபதி தம் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பார்; புதியவரோ தம் பொறுப்பு இன்னும் தொடங்கவில்லை என்று நினைப்பார். சரிவில் நிற்கும் அணி மட்டும் ஆணைக்குக் காத்திருக்கும்.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. 2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யார்னெல் ஹில் தீயில் ஒரே அணியைச் சேர்ந்த 19 வீரர்கள் மடிந்தனர். இரண்டு நாள்களுக்கு முன் மின்னலால் பற்றிய அந்தத் தீ தொடக்கத்தில் சிறியதாகவே கருதப்பட்டது. அது பெருகியதால், ஜூன் 30 காலையில்தான் கட்டளைப் பொறுப்பு மேல்நிலை அணியிடம் மாறியது. அவ்வணியின் உறுப்பினர் அனைவரும் அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. பிற்பகலில் இடிமழை மேகங்களிலிருந்து கிளம்பிய காற்று தீயின் திசையையே திருப்பிவிட்டது. அந்த மரணங்களுக்கு ஒப்படைப்பு ஒன்றே காரணம் எனக் கூறிவிட முடியாது. ஆயினும் பொறுப்பு மாறும் பொழுதும் காற்று மாறும் பொழுதும் ஒரே நாளில் அமைந்தால் பிழைக்கு எவ்வளவு குறைவான இடம் எஞ்சும் என்பதை அது காட்டியது.

மாநில எல்லையைத் தாண்டும் தீயில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 2020 டிசம்பர் இறுதியில் நாகாலாந்து-மணிப்பூர் எல்லையிலுள்ள சூகோ பள்ளத்தாக்கில் மூண்ட தீ, அடுத்த மாதம் இரண்டாம் வாரம் வரை நீடித்தது. முதலில் களத்தில் நின்றவர்களில் உள்ளூர் இளைஞர் அமைப்பின் தன்னார்வலர்கள் முக்கியமானவர்கள். பின்னர் இரு மாநிலங்களின் பணியாளர்கள், தேசியப் பேரிடர் மீட்புப் படை, விமானப் படை என ஒவ்வொரு தரப்பாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வருகையும் ஒரு பொறுப்பு மாற்றத்துக்கான தருணமே. இரு தலைமைச் செயலாளர்களுக்குக் கீழ் எரியும் ஒரே தீக்குக் களத்தில் ஒரே தளபதியை அமர்த்தும் நடைமுறை நம்மிடம் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

முன்னுரிமை வரிசை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே: முதலில் மனித உயிர், அடுத்துத் தீ பரவாமல் தடுத்தல், அதன்பின் உடைமையும் இயற்கை வளமும். மனித உயிர் என்பதில் தீயணைப்பவரின் உயிரும் அடங்கும் என்பதுதான் எளிதில் மறக்கப்படுகிறது. நள்ளிரவில் செங்குத்தான சரிவில் ஓர் அணியை ஏற்றுவதைவிட, அந்தச் சரிவை எரியவிட்டு, மேலே உள்ள சாலையையோ பழைய தீத்தடுப்புக் கோட்டையோ அரணாக்கிக்கொள்வது சில நேரங்களில் அறிவார்ந்த முடிவு. ஆனால் அம்முடிவை எடுக்கும் வனச்சரகர், காடு எரிவதை வேடிக்கை பார்த்தார் என்ற குற்றச்சாட்டை மறுநாள் சந்திக்க நேரிடும். அவரது காரணம் எழுத்தில் பதிவாகியிருந்தால் மட்டுமே அவருக்குக் காப்பு உண்டு.

எதைக் காப்பது என்பதில் பார்வையில் படும் இடமே முந்திக்கொள்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் நைனிடால் நகரை ஒட்டிய தீ உயர் நீதிமன்றக் குடியிருப்புப் பகுதியை நெருங்கியபோது, விமானப் படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் நீர் மொண்டு வந்து ஊற்றியது. குடியிருப்பைக் காத்தது சரியே. ஆனால் ஹெலிகாப்டர் ஊற்றும் நீர் தீயின் வேகத்தைத் தணிக்குமே தவிர, தரையில் ஆட்கள் கோடு வெட்டி முடிக்காமல் தீ அணையாது. தரையில் ஆட்கள் எங்கே என்ற கேள்வியை அந்த ஆண்டு உச்ச நீதிமன்றமே எழுப்பியது. தீக் காலத்தின் நடுவே, ஏப்ரல் 19 அன்று உத்தராகண்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடைபெற்றது. வனப் பணியாளர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று மே மாதத்தில் நீதிபதிகள் மாநில அரசைக் கண்டித்தனர். தீ மூள்வதற்கு முன்பே, வேறோர் அலுவலகத்தில், வேறொரு கோப்பில் எடுக்கப்பட்டுவிட்ட முன்னுரிமை முடிவு அது.

இன்னொரு தரப்பும் உண்டு. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, காட்டில் உரிமை பெற்ற கிராமத்தார் தீயை அணைக்க உதவ வேண்டும் என்று கடமை விதிக்கிறது. நடைமுறையில் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு அவர்களே முதலில் ஓடுகிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்கள் தீயில் சிக்கியபோதும் முதலில் மேலே ஏறியவர்களில் உள்ளூர் மக்கள் இருந்தனர். காற்று எந்த ஓடை வழியே திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் வானொலிக் கருவி இல்லை. பொறுப்பு மாறிய செய்தி அவர்களை எட்டுவதில்லை. எந்தச் சரிவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற குறிப்பிலும் அவர்கள் எண்ணப்படுவதில்லை.