மனையகத்தே ஓர் ஆடிடம்

மனையொன்று எழுப்ப முற்படுவோர் முதலிற் கருதுவன விருந்தினர் அமரும் மண்டபம், படுக்கையறை, குசினி, சாமியறை என்பனவாம். பிள்ளைகள் ஆடுதற்கு இடம் யாது என வினவுவார் அரியர். விளையாட்டு வெளியிலே நிகழ்வது, வீட்டிற்கு அது வேண்டா என்பது நம்மவர் எண்ணம். நெய்தல் நிலத்து வாழும் நமக்கு இவ்வெண்ணம் சிறிதும் பொருந்தாதென்பதையே ஈண்டு நாம் வற்புறுத்த விழைகின்றோம்.

கண்டக்குழியின் நிலையை நோக்குக. ஒருபால் பெருங்கடல், ஒருபால் புத்தளக் களப்பு, இடையே மணற்பரப்பு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று ஓங்கி வீசுகின்றது. அக்காற்றை நாடிப் பிறநாட்டார் பட்டப்பாய் கட்டிக் களப்பிலே சறுக்கி விளையாட வருகின்றனர். அதே காற்று நம் சிறார் கண்ணிலே மணலை வாரித் தூவுகின்றது. காற்று ஓய்ந்தால் ஐப்பசி மழை. மழை நீங்கினால் நண்பகல் வெயில். எனவே பிள்ளைகள் பலபொழுதும் வீட்டினுள்ளேயே அடைபடுகின்றனர். அங்கோ கண்ணாடி அலுமாரியும் உறையிட்ட நாற்காலிகளும் நிறைந்த மண்டபம் விருந்தினர்க்கே உரியது. பிள்ளை ஒரு மூலையிலே கைத்தொலைபேசியுடன் ஒடுங்குகின்றது. நால்வர் ஒரு கூரையின்கீழ் இருந்தும் நால்வரும் தனியர். நான்கு வாக்கியம் கோவையாகப் பேச இயலாது வகுப்பிலே தடுமாறும் மாணவரை ஆசிரியராகிய நாம் நாடோறும் காண்கின்றோம். உடனிருந்து பேசி, வாதாடி, வென்று, தோற்றுப் பழகாத நாவு எங்ஙனம் வளம்பெறும்?

ஆடிடம் அமைத்தல் மேனாட்டார் வழக்கென்று கருதற்க. புறநானூற்றின் 52ஆம் பாட்டிலே மருதனிளநாகனார், பாழ்பட்ட பகைவர் நாட்டின் பொதியிலைக் காட்டுகின்றார். நரைத்த முதியோர் வல்லுக்காய் உருட்டி உருட்டிக் குழிந்த இடத்திலே, ஆடுவாரின்மையால், காட்டுக்கோழி முட்டையிடுகின்றதாம். ஆடிடம் வெறிதாதலை நாடழிவின் அடையாளமாகப் புலவர் கண்டார். தொல்காப்பியரும் உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் விளையாட்டை ஒன்றாக வைத்தார். பின்னாளிலே திண்ணையும் நாற்சார் வீட்டு முற்றமும் அப்பணியை ஆற்றின. 14 குழிகளையுடைய பல்லாங்குழியும் சோகி உருட்டும் தாயமும் ஆங்கே ஆடப்பட்டன. சிங்கள மக்கள் புத்தாண்டிலே ஆடும் ஒலிந்த கெளியவும் பல்லாங்குழிக்கு இனமானதே. சீமெந்து வீடு வந்தபின் திண்ணை மறைந்தது; அதன் இடத்தை நிரப்ப வேறொன்றும் வந்திலது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுமோ? வேண்டா. கரம் பலகையின் ஆடுபரப்பு 74 சதமமீற்றர் சதுரமே. நால்வர் சுற்றியமர எட்டடிச் சதுரம் போதும். மேசைப்பந்து மேசையோ 2.74 மீற்றர் நீளமும் 1.525 மீற்றர் அகலமும் உடையது. ஆடுவோர் பின்வாங்கவும் இடம் வேண்டும். ஆதலின் அது பாடசாலைக்கே ஏற்றது. பின்விறாந்தையைச் சிறிது அகலமாக்கி, காற்றடிக்கும் புறத்தை மறைத்து, எதிர்ப்புறத்தைத் திறந்துவிட்டுக் கிடுகால் வேய்ந்தால் ஆடிடம் ஆயிற்று. உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலின் மரமும் கயிறுமே தக்கன. இரவெல்லாம் கடலில் உழைத்த தந்தை பகலிலே துயில்வார்; ஆகவே அவ்விடம் படுக்கையறைக்குச் சற்றுத் தொலைவில் இருத்தல் நன்று.

படிப்புக் கெடும், சூது பழகும் என்பார் உளர். சூதினை விளைப்பது பந்தயப் பொருள், ஆட்டமன்று. பெற்றோர் கண்முன்னே ஆடுமிடத்திற் பந்தயம் நுழைதல் அரிது. படிப்பிற்கு ஒரு நேரமும் ஆட்டத்திற்கு ஒரு நேரமும் வகுத்தல் பெற்றோர் கடன். பெண்பிள்ளைகள் நிலையையும் எண்ணுக. பருவமெய்தியபின் கடற்கரையும் மைதானமும் அவர்க்கு அடைபடுகின்றன. அவ்வழக்கம் மாறவேண்டியதே, மாறுமளவும் வீட்டிலேனும் அவர்க்கு ஆடிடம் வேண்டாமா? சென்னையிலே முச்சக்கரவண்டி ஓட்டும் தந்தையின் மகளாகிய காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கரம் உலகக்கிண்ணப் போட்டியிலே மூன்று தங்கப்பதக்கங்களை வென்றதை மறவற்க.

கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் பொருளீட்டி ஈண்டு வீடு கட்டும் பழைய மாணவர்காள்! வரைபடத்திலே வாகனம் நிறுத்த இடங் குறிக்கின்றீர்கள். பிள்ளைகள் ஆட எட்டடிச் சதுரமும் குறியுங்கள். புதிதாய்க் கட்ட இயலாதோர் விருந்தினர் மண்டபத்தையே மாலைதோறும் இரண்டு மணிநேரம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க. விருந்தினர் வரும் நாள் சில. பிள்ளைகளோ நாடோறும் அவ்வீட்டில் வாழ்பவர்கள்.