கைக்கு முன் தலைக்கு

குத்துச்சண்டை வீரரின் மணிக்கட்டில் கட்டும் சிறு சென்சார், ஒரு சுற்றில் எத்தனை குத்து விட்டார், எவ்வளவு வேகத்தில் விட்டார் என்பதைக் கைப்பேசியில் காட்டிவிடுகிறது. கடைசிச் சுற்றில் கை தளர்வதைப் பயிற்சியாளர் எண்ணாகவே பார்க்க முடிவது நல்லதுதான். ஆனால் கையின் வேகம் மட்டுமே குத்தின் பலமல்ல. ஒலிம்பிக் வீரர்கள் ஏழு பேரைப் பொம்மைத் தலையில் குத்தவைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. கை சராசரியாக விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. விசை 3,400 நியூட்டனைத் தாண்டியது. எடை கூடியவர்களின் குத்து பலமாக விழுந்ததற்கு முக்கியக் காரணம், குத்தோடு சேர்ந்து வந்த உடலின் நிறை. அதை மணிக்கட்டு அறியாது. குத்து வாங்கியவரின் தலைக்கு என்ன ஆனது என்பதும் அதற்குத் தெரியாது.

எதை அளக்கிறோமோ அதற்கேற்பவே பயிற்சியும் வளையும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவுக்கு மின்னணு மார்புக்கவசம் வந்தது. அதன்பின் முன்காலைத் தூக்கியபடியே தொட்டுத் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டம் பெருகியது. சுழல் உதைகளின் மதிப்பை உயர்த்தி அதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. வீசிய குத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், வாங்கிய அடி யார் கணக்கிலும் வராது. ஆகவே குத்துச்சண்டையில் சென்சார் முதலில் சேர வேண்டிய இடம் பற்காப்பு. மேல்பற்கள் மண்டையோட்டோடு இறுகியிருப்பதால், தோலில் ஒட்டும் பட்டையைவிட அதுவே தலையின் அதிர்வையும் திருப்பத்தையும் சரியாகச் சொல்லும். உயர்மட்ட ரக்பியில் 2024 முதல் இத்தகைய பற்காப்பு நடைமுறையில் இருக்கிறது. தலையே இலக்காக உள்ள விளையாட்டு இன்னும் காத்திருப்பதற்கு நியாயமே இல்லை. தொடர்ந்து அடி வாங்கும் வீரர்களின் மூளைச் சிதைவை மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928லேயே எழுதிவிட்டார்.

ஒரு எண்ணை வைத்து மூளை அதிர்ச்சியைக் கண்டறிய முடியாது என்பார்கள். உண்மை, ஒரே அளவு அடி இருவரை ஒரே மாதிரி பாதிப்பதில்லை. நான் கேட்பது நோயறியும் கருவி அல்ல, வாரக்கணக்கில் சேரும் அடிகளின் கணக்கு. நடுவரோ மருத்துவரோ இல்லாத ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில் அந்தக் கணக்கைப் பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை. விலை அதிகம் என்பதும் சரியே. அதனால் தேசியப் பயிற்சி முகாம்களில் சம்மேளனங்களின் செலவில் தொடங்கலாம். எண்ணைக் காட்டி அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று வீரர்கள் அஞ்சுவதுதான் எல்லாவற்றிலும் கனமான தடை. அந்த அச்சம் இருக்கும்வரை பற்காப்பைக் கழற்றிவைக்கவே பார்ப்பார்கள். எனவே அந்த எண்கள் வீரருக்கும் அவருடைய மருத்துவருக்கும் மட்டுமே போக வேண்டும். அடி கூடிய வாரத்தில் ஸ்பாரிங்கை நிறுத்திவிட்டுப் பையில் மட்டும் குத்தச் சொல்லத் தேர்வுக்குழுவின் அனுமதி தேவையில்லை.