ஜன்னல் கத்துது, யாரும் வரலை

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி. சேலத்தில் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார், துணைக்கு நான் தங்கியிருந்தேன். நாமகிரிப்பேட்டை வீட்டில் எங்க வீட்டம்மா மட்டும். ரெண்டரை மணிக்குச் சமையலறை ஜன்னல் சென்சார் கத்தியிருக்கிறது. வீட்டுக்குள் சைரன். அதோடு நாலு போனுக்குத் தகவல்: எனக்கு, அவளுக்கு, டொரண்டோவில் இருக்கும் மகனுக்கு, பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளைக்கு.

யாரும் வரவில்லை. அவள் டார்ச்சையும் தேங்காய் உரிக்கிற பாரையையும் மடியில் வைத்துக்கொண்டு, கூடத்துச் சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

திருடன் யாரும் வரவில்லை. ஜன்னல் தானாகத் திறந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. கத்தினால் யாரும் வரமாட்டார்கள். காலையில் நான் வந்து இறங்கியதும் அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "ஏனுங்க, அதைக் கழட்டிப் போட்டுருங்க. அது இல்லாதப்பவே நான் நல்லாத் தூங்குனேன்" என்றாள்.

இந்தச் சென்சார் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும், 2025 மே மாதம் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்த வயசானவர்களைக் கொன்ற செய்தி உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் அன்றைக்கு வெளியூர்ப் பிள்ளைகளிடம் இருந்து போன் வந்திருக்கும். என் மகன் அடுத்த மாதமே லீவு போட்டு வந்து, ஜன்னலுக்கு ஒன்றாக ஏழு சென்சார் ஒட்டிவிட்டுப் போனான். பிள்ளையின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆடி மாதம் ஆரம்பித்தது தொல்லை. ஆடிக்காற்றுக்கு ஜன்னல் ஆடும், சைரன் கத்தும். மாப்பிள்ளை நாயைக் கூட்டிக்கொண்டு, டார்ச் அடித்தபடி ஓடிவருவார். ஐந்து தடவை வந்தார். ஐந்து தடவையும் காபி குடித்துவிட்டுப் போனார். கார்த்திகை ராத்திரிக்கு மறுநாள் அவரே வந்து நின்றார். "ஏனுங் மாமா, ஜன்னல்தானுங்களே கத்துதுன்னு திரும்பிப் படுத்துட்டேனுங்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பகலெல்லாம் மஞ்சள் காட்டில் நின்றவரை நாம் எத்தனை ராத்திரி எழுப்புவது?

மகனுக்கு அது சாயங்காலம் நாலு மணி, ஆபீசில் மீட்டிங். தொல்லை தாங்காமல் அந்த ஆப்பின் சத்தத்தையே அடக்கி வைத்திருந்தான். சரி, நான் மட்டும் யோக்கியனா? ஆவணியிலேயே என் போனிலும் அதன் சத்தத்தை அமுக்கிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

கழற்றுவதற்குமுன் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். நான் முப்பத்தாறு வருஷம் டெலிபோன் டிபார்ட்மென்டில் லைன் பார்த்தவன். எங்கள் வேலையில் முழுசாகச் செத்துப்போன லைன் சுலபம். விட்டு விட்டு வருகிற ஃபால்ட்தான் உயிரை எடுக்கும். நாம் போய்ப் பார்க்கும்போது ஒழுங்காகப் பேசும், சைக்கிள் தெருமுனை திரும்பியதும் செத்துவிடும். அதற்கு ஒரே வழி ரிஜிஸ்டர். என்றைக்கு, எத்தனை மணிக்கு, மழையா வெயிலா என்று எழுதிவைத்தால் ஃபால்ட் தன் பெயரைத் தானே சொல்லிவிடும். அதேபோல ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிச் சமையலறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எந்த ஜன்னல், மணி, காற்று, மழை, கரண்ட் இருந்ததா போயிற்றா.

இந்தச் சென்சாருக்குள் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இரண்டு துண்டு. ஒன்று காந்தம், கதவில் ஒட்டுவது. இன்னொன்றில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடு. காந்தம் பக்கத்தில் இருந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். 1936-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்பவர் செய்தது. பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் ஏராளமாக உழைத்த சாமான். மகன் ஒட்டிவிட்டுப் போனது எங்கள் ஜாதிதான் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது. இரண்டு துண்டுக்கும் நடுவே இடைவெளி பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். அது தாண்டினால் "திறந்துவிட்டது" என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் பதினாலு தடவை கத்தியது. அதில் ஒன்பது சமையலறை ஜன்னல், எல்லாம் மழை பெய்த ராத்திரி. அப்பா காலத்து வேப்பமரக் கதவு அது. ஈரத்தில் ஊறிப் பருத்துவிட்டது, தாழ்ப்பாள் அதன் ஓட்டைக்குள் இறங்கவில்லை. நாங்கள் தள்ளிச் சாத்திவிட்டு மூடியாயிற்று என்று நினைத்துப் படுத்திருக்கிறோம். வேனிலில் அதே கதவு சுருங்கும், தாழ்ப்பாள் லொடலொடக்கும், ஆடிக்காற்றுக்கு ஆடும். ஆடியில் கத்தியதும் கார்த்திகையில் கத்தியதும் ஒரே தாழ்ப்பாள்!

மூன்று தடவை கரண்ட் போய் வந்த உடனே. அப்போது சைரன் அடிக்கவில்லை, போன் மட்டும் கத்தியது. ரவுட்டர் அணைந்து எழுந்திரிக்கும்வரை "தொடர்பு இல்லை" என்று ஆப் சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சத்தம் வைத்தவர்களை என்ன சொல்வது! நாங்களும் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படிக்காமல் ஜன்னல்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

மீதி இரண்டு, மஞ்சள் மூட்டை அடுக்கும் அறையின் இரும்பு ஜன்னல், விடியற்காலையில். இரும்புச் சட்டத்தின் மேலேயே ஒட்டினால் காந்தத்தின் பலத்தில் பாதியை இரும்பே தின்றுவிடும். போதாததற்கு அதன் பேட்டரியும் சோர்ந்துபோயிருந்தது, குளிரில் இன்னும் சோரும். பேட்டரி குறைகிறது என்ற தகவல் போயிருக்கிறது. எங்கே? சத்தம் அடக்கிவைத்த டொரண்டோ போனுக்கு.

ஆசாரியைக் கூப்பிட்டு மழை விட்டுக் கதவு காய்ந்ததும் இழைத்து, தாழ்ப்பாளை மாற்றிப் போட்டேன். இரும்பு ஜன்னலில் சென்சாருக்கு அடியில் மரத்துண்டு வைத்து ஒட்டி, புது பேட்டரி போட்டேன். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ். மொத்தத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், கோபப்படுகிறவர்கள் படலாம். பொய் அலாரம் என்று சொல்வதே தப்பு. பேரப்பிள்ளைகளுக்குப் "புலி வருது" கதை சொல்கிறோம், அதில் பையன் பொய் சொன்னான். எங்கள் ஜன்னல் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. கதவு சாத்தவில்லை என்று ஒன்பது தடவை உண்மையைச் சொன்னது. தாழ்ப்பாள் விழாத ஜன்னல் திருடனுக்கும் திறந்த ஜன்னல்தானே? நாங்கள் செய்தது சொன்னவன் வாயைப் பொத்தியது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் வீணான அலாரத்துக்கு ஓடி ஓடிச் சலித்துப்போய், 2000-ஆம் வருஷம் ஒரு விதி போட்டார்கள். யாராவது நேரில் பார்த்து உறுதி சொன்னால்தான் திருட்டு அலாரத்துக்குப் போலீஸ் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி ரெண்டரை மணிக்கு நேரில் போய்ப் பார்ப்பது யார்? அறுபத்தெட்டு வயசுப் பெண்மணியா?

அதனால் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒட்டிவிட்டு விமானம் ஏறினால் வேலை முடிந்துவிடாது. வெயிலில் ஒட்டியதை மழையில் ஒருதரம் யாராவது வந்து பார்க்கவேண்டும். காசு வாங்கிக்கொண்டு மாட்டிவிடும் ஆட்களிடம் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் போனுக்குத் தகவல் போவது உங்கள் மன நிம்மதிக்கு. ஓடிவருகிற கால் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மனுஷனுடைய தூக்கத்தை நாம் கடன் வாங்குகிறோம் என்ற நினைப்பு வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. சைரன் கத்தினால் முதலில் நாங்கள் எந்த ஜன்னல் என்று பார்ப்போம். ஒன்றும் இல்லை என்றால் மாப்பிள்ளைக்கு உடனே போன் போட்டு "படுங்க மாப்ளே" என்று சொல்லிவிடுவோம். ஐந்து நிமிஷத்தில் எங்களிடம் இருந்து போன் வராவிட்டால் அவர் 112-க்கு அடித்துவிட்டு, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வருவார். தனியாக வரக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை, அவர் மஞ்சள் ஏலத்துக்குக் கிளம்புமுன் வந்து நிற்பார். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து ஏழு சென்சாரையும் கத்தவிட்டுப் பார்க்கிறோம். வீட்டம்மா நோட்டில் எழுதுகிறாள். காபி பழையபடி உண்டு.

என் போனில் சத்தத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். ஆவணியில் அமுக்கியதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுதுவதாக இல்லை.