கான்கிரீட் போடுற அன்னைக்கு யாரு நிப்பா?

2018 நவம்பர்ல கஜா புயல் வந்து கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி மரங்களைச் சாய்ச்சு, ஓட்டு வீடு, கூரை வீடுகளைப் பிரிச்சுப் போட்டதுலேர்ந்து எங்க ஊர் ஜனங்களுக்கு ஒரே ஆசைதான். சின்னதோ பெரிசோ, தளம் போட்ட வீடு வேணும். நியாயமான ஆசை. ஆனா அந்தத் தளம் ஒழுங்கா நிக்குமான்னு பாக்க அரசாங்கம் யாரை வச்சிருக்கு?

2024 ஜூலையில தமிழக அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில 3,500 சதுர அடிக்குள்ள வீடு கட்ட ஆன்லைன்லயே உடனடி அனுமதி. முன்கூட்டியே இடத்தைப் பாக்க அதிகாரி வரமாட்டார். முடிவுச் சான்றும் வேண்டாம். ஆபீஸ் ஆபீஸா அலையறதும் 'கவனிக்கிறதும்' மிச்சம்னா நானும் கைதட்டுறேன் :-)

ஆனா அனுமதிக் காகிதம் கூரையைத் தாங்காது மக்களே. 2014 ஜூன் 28 அன்னைக்கு மவுலிவாக்கத்துல 11 மாடிக் கட்டிடம் சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. அதுக்கும் சிஎம்டிஏ அனுமதி இருந்தது!

'ரெரா சட்டம் இருக்கே'ம்பீங்க. அது மனையும் ஃப்ளாட்டும் விக்கிற புரமோட்டர்களுக்கு. சொந்த மனையில மேஸ்திரியை வச்சுக் கட்டுறவனுக்கு அதுல ஒண்ணுமில்லை.

சின்ன வீட்டுல கோளாறு வர்றது வரைபடத்துல இல்லை, தளம் போடுற அன்னைக்கு. கலவை இறுகுதுன்னு ஹோஸைத் திருப்பி தண்ணி ஊத்துவாங்க. அந்தத் தண்ணி வத்தினதும் உள்ளே ஓட்டை ஓட்டையா நிக்கும், பலம் குறையும். கம்பி சென்ட்ரிங் பலகையில ஒட்டிக்கிட்டே கிடந்தா சில வருஷத்துல துரு ஏறி, காரை பேந்து விழும். பத்து ரூபாய் கவர் பிளாக் வைக்கச் சொல்ல ஆள் இல்லாததால வர்ற வினை.

அதே வீட்டுல ஒயரிங் பண்ண லைசென்ஸ் உள்ள ஆள் வேணும். தலைக்கு மேல தளம் போட யார்வேணா போதும்! அதுக்காக முப்பது வருஷம் கரணை பிடிச்ச கொத்தனாருக்குப் பரீட்சை வைக்கச் சொல்லலை. அது லஞ்சத்துக்கு இன்னொரு கவுண்டர்தான் திறக்கும்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பொறியாளர்களுக்கு அரசு பதிவு கொடுக்குது இல்லையா? அவங்கள்ல ஒருத்தர் அஸ்திவாரத்துக்கு ஒருநாள், தளத்துக்குக் கம்பி கட்டினதும் ஒருநாள், கான்கிரீட் அன்னைக்கு ஒருநாள் வந்து நின்னு, பாத்தேன்னு கையெழுத்து போடணும். ஃபீஸ் எவ்வளவுன்னு அரசே நிர்ணயிக்கட்டும். வராம கையெழுத்து போட்டா பதிவு ரத்து.

அதிகாரி வராதது நல்லதுதான். யாருமே வராதது நல்லதில்லை. நீங்க என்ன சொல்றீங்க?