பகடையை எங்கே வைப்பது?

பகடை என்றதுமே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பாண்டவர்கள் நாடிழந்த கதை அவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது. வள்ளுவரும் சூதைக் கண்டிக்க ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவர் கண்டித்தது பணயத்தை. பணயத்தை எடுத்துவிட்டால் பகடை நல்ல ஆசான் என்பது என் உறுதியான நம்பிக்கை.

விடுமுறை மாலைகளில் கப்பலூரில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஆடும் ஒரு ஜெர்மானிய ஆட்டம் இந்த நம்பிக்கையை வலுப்படுத்தியிருக்கிறது. பெயர் ‘ஹைம்லிஷ் அண்ட் கோ’. வோல்ஃப்காங் கிராமர் உருவாக்க, 1984-இல் வெளிவந்தது. 1986-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் விளையாட்டு’ விருதைப் பெற்றது.

பலகையைச் சுற்றி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பாழடைந்த வீட்டில் நின்றால் மூன்று குறையும். ஏழு நிறங்களில் ஏழு ஒற்றர்கள். நம் ஒற்றன் எந்த நிறம் என்பது நாம் எடுத்த சீட்டைப் பார்த்த நமக்கு மட்டுமே தெரியும். பகடையில் ஐந்து விழுந்தால் முழுவதையும் ஒருவனுக்கே தரலாம். மூன்றும் இரண்டுமாகப் பிரித்து இருவருக்குத் தரலாம். எந்தக் காயையும் யாரும் நகர்த்தலாம். ரகசியப் பெட்டகம் இருக்கும் வீட்டில் ஒரு காய் வந்து நின்றதும், அவரவர் நிற்கும் வீட்டுக்குரிய மதிப்பெண் எல்லா ஒற்றர்களுக்கும் சேரும். தாளில் எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், பலகையிலேயே ஒரு மதிப்பெண் பாதை அமைத்திருக்கிறார் கிராமர்.

நம் காயை மட்டுமே ஓட்டினால் இரண்டே சுற்றில் அகப்பட்டுக்கொள்வோம். எதிரியின் காய்க்கும் கொஞ்சம் ஊட்டியாக வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதில்தான் திறமை. பல பகடைகளை உருட்டி, ஒவ்வொன்றையும் பலகையில் ஒரு வேலைக்கு அமர்த்தும் ஆட்டங்களும் பிற்பாடு வந்தன. 2007-இல் வந்த ‘கிங்ஸ்பர்க்’ அவற்றில் ஒன்று. விழும் எண் நம் கையில் இல்லை, அதை வைக்கும் இடம் நம் கையில்.

இது நமக்குப் புதிதா? தாயம் ஆடியவர்களைக் கேளுங்கள். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். சேர்ந்த எண்களைக் காய்களுக்குப் பங்கிடும்போதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும். ஒன்றை மலையில் ஏற்றிக் காப்பதா, எதிரியை வெட்டுவதா, பழத்துக்கு விரட்டுவதா? வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கும் பெண்கள் இந்தக் கணக்கையெல்லாம் நொடியில் போட்டுவிடுவார்கள். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் மண்ணைத் தோண்டியபோதும் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. வைகைக் கரையில் பகடை உருண்ட காலம் அவ்வளவு நீண்டது.

ஒற்றும் நம்மிடமே இருக்கிறது. திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தை ஆட்ட விதிகளாகவே படிக்கலாம். ஐயம் எழாத தோற்றம் வேண்டும், உற்றுப் பார்த்தாலும் அஞ்சக்கூடாது, மனத்தில் உள்ளதை வெளியே விடக்கூடாது. ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும். மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பலாம். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்தால் ரகசியத்தை நாமே அம்பலமாக்கியவர்கள் ஆவோம்.

தாயக்கட்டமும் ஒற்றாடலும் கைவசம் இருக்க, இவ்விரண்டையும் இணைத்து ஒரு தமிழ் ஆட்டம் பிறக்க வேண்டும் என்பது என் ஆசை. அட்டையும் அச்சும் சிவகாசியில் இருக்கின்றன. இங்கிருந்து அது தொலைவில்லை. வடிவமைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும். பள்ளிகள் அதை வாங்கி வகுப்பறையில் வைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். திண்ணையில் தாயக்கட்டம் வரையுங்கள். புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி, வளையல் துண்டு போன்ற ஏழு விதக் காய்களுக்கு ஏழு சீட்டு எழுதி, ஆளுக்கொன்று எடுத்து மறைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காயையும் யாரும் நகர்த்தலாம், விழுந்த எண்ணைப் பிரிக்கலாம் என்று விதி வையுங்கள். எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசிக்கப் பிள்ளைகள் பழகுவார்கள். கெட்ட எண் விழுந்தாலும் அதை நல்ல இடத்தில் வைக்கத் தேடுவார்கள். இந்தப் பழக்கத்துக்காகவே பகடையைத் தயங்காமல் அவர்கள் கையில் கொடுக்கலாம்.