ஜவ்வாது மலையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்... எந்த பெர்மிட்ல?

சென்னையில இருந்து ஊருக்குப் போகணும்னா நம்மில் பலருக்கு ஒரே கவலைதான், டிக்கெட் விலை. ஆப்பைத் திறந்தா ஏசி, நான் ஏசி, ஸ்லீப்பர், ஜன்னல் ஓரம்னு பஸ்கள் வரிசையா வந்து நிக்கும். தீபாவளி, பொங்கல் நேரத்துல மட்டும் கட்டணத்தைப் பார்த்து நெஞ்சைப் பிடிச்சுக்குவோம்.

ஆனா, நீங்க போற ஊர் ஜவ்வாது மலைக்குள்ள இருந்தா?

முதல்ல போளூரோ திருப்பத்தூரோ போய்ச் சேரணும். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கணும். உள்ளே இருக்குற குக்கிராமம்னா அதுக்கப்புறம் இன்னொரு பஸ், இல்லைனா டூவீலர்ல லிஃப்ட், இல்லைனா நடை. இறங்கி வர்றப்போ இதே கதை தலைகீழா நடக்கும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டா அடுத்த பஸ், அதுக்கடுத்த பஸ்னு எல்லாமே சரிஞ்சு, ஒரு நாளே போயிடும். காவலூர்ல 1986 முதல் இயங்குற வைணு பாப்பு தொலைநோக்கியில எங்கேயோ இருக்குற நட்சத்திரம் தெரியுது. ஆனா, பக்கத்து வளைவுல பஸ் வருதா இல்லையானு மலைக்காரங்களுக்குத் தெரியறதில்லை.

ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதியை ஞாபகம் இருக்கா? 2024 பிப்ரவரியில நம்ம எல்லார் செல்போன்லயும் வந்த பேர். 23 வயசுல உரிமையியல் நீதிபதி தேர்வுல ஜெயிச்ச பழங்குடிப் பெண். 2023 நவம்பர்ல, குழந்தை பிறந்த ஓரிரு நாள்ல, 200 கிலோமீட்டருக்கு மேல பயணம் செஞ்சு சென்னையில அந்தத் தேர்வை எழுதினார். எல்லாரும் அவரோட மன உறுதியைப் பாராட்டினோம். பாராட்ட வேண்டியதுதான். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவருக்கு ஒரு கார் கிடைச்சுது. கார் கிடைக்காத பொண்ணுங்க எந்தப் பரீட்சையை எழுதாம விட்டிருப்பாங்க?

சரி, ஒரு அண்ணனைக் கற்பனை பண்ணிக்குவோம். அவர்கிட்ட ஒரே ஒரு பஸ் இருக்கு. பேங்க் லோன், மனைவியோட நகை, மச்சான்கிட்ட வாங்கின கைமாத்து எல்லாம் சேர்ந்த பஸ். 'மலைக்குள்ள ஒரு ஊர்ல ராத்திரி எடுத்து, ஜமுனாமரத்தூர், போளூர், ஆரணி, காஞ்சிபுரம் வழியா விடியக்காலையில சென்னை போய்ச் சேர்ந்துடணும். ஆறு மாசம் ஓட்டிப் பார்ப்போம். கூட்டம் வந்தா சரி, இல்லைனா நிறுத்திக்கலாம்' - இதுதான் அவர் ஆசை.

கேட்க எவ்வளவு எளிமையா இருக்கு! ஆனா, அவர் ஆர்.டி.ஓ ஆபீஸ் படியேறினதும் முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: "எந்த பெர்மிட்?"

மோட்டார் வாகனச் சட்டம் 1988 பஸ்ஸை ரெண்டு வகையாப் பார்க்குது. வழியில ஆள் ஏத்தி இறக்கி, ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்து ஓட்டினா அது ஸ்டேஜ் கேரியேஜ். கல்யாணத்துக்குப் பேசி அமர்த்துற மாதிரி, மொத்தமா ஒப்பந்தம் போட்டு ஓட்டினா அது கான்ட்ராக்ட் கேரியேஜ். ரெண்டாவது வகையில நடுவழியில புதுசா ஆள் ஏத்தக் கூடாது. நாம ஆப்ல புக் பண்ற ஆம்னி பஸ்கள் காகிதத்துல இந்த ரெண்டாவது வகைதான். நம்பவே முடியல இல்ல? எனக்கும் முதல்ல நம்ப முடியல.

முதல் வகையில நீண்ட தூர ரூட் கிடைக்கிறது லேசுப்பட்ட விஷயம் இல்லை. 1972-ல பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கின காலத்துல இருந்தே, தமிழ்நாட்டுல முக்கியமான வழித்தடங்கள் அரசு பஸ்களுக்குன்னு ஒதுக்கப்பட்டு வந்திருக்கு. தனியார் பஸ்கள் இருக்கு, ஆனா பெரும்பாலும் பழைய பெர்மிட்கள்ல ஓடுறவை.

'மினி பஸ் திட்டம்தான் இருக்கே'னு நீங்க கேட்கலாம். இருக்கு. 1997-ல வந்த திட்டம், புது விதிகளோட 2025 ஜூன்ல தஞ்சாவூர்ல மறுபடியும் தொடங்கி வைக்கப்பட்டுச்சு. பஸ்ஸே பார்க்காத ஊர்களுக்கு அது நிஜமாவே நல்ல திட்டம். ஆனா, ரூட்டோட உச்ச வரம்பு 25 கிலோமீட்டர். நம்ம அண்ணனோட பஸ் மலையை விட்டு இறங்குறதுக்குள்ள அந்த 25 கிலோமீட்டர் தீர்ந்துடும்.

ஆக, ஒரு பக்கம் 25 கிலோமீட்டர் மினி பஸ். இன்னொரு பக்கம் வழியில ஆள் ஏத்த முடியாத ஆம்னி பஸ். மலைக்காரங்க விழுறது இது ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல.

வழியில ஆள் ஏத்துறது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பக்கம் 200 கிலோமீட்டர். பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தா 50 லிட்டர். டீசல் 92 ரூபாய்னு வச்சுக்கிட்டா 4,600 ரூபாய். டிக்கெட் 250 ரூபாய், 40 சீட்ல பாதி நிறைஞ்சா 5,000 ரூபாய். மிச்சம் 400 ரூபாய். அதுல டிரைவர் சம்பளம், கண்டக்டர் சம்பளம், டயர், பிரேக், வரி, இன்ஷூரன்ஸ், லோன் தவணை எல்லாம் பார்க்கணும். டீ குடிக்கவே யோசிக்கணும்!

மலை பஸ் கிளம்புற இடத்துலயே நிறையாது. மேல எட்டு பேர், ஜமுனாமரத்தூர்ல ஆறு பேர், போளூர்ல பத்து, ஆரணியில பத்துன்னு துண்டு துண்டாத்தான் நிறையும். கோணிப்பையில சாமை, புளி, பலாப்பழம்னு சரக்கும் சேர்ந்து ஏறும். வழியில நிக்கக் கூடாதுன்னு சொன்னா அந்த பஸ் முதல் மாசமே செத்துடும்.

இதையெல்லாம் மீறி ஒருத்தர் முயற்சி பண்ணிப் பார்த்த கதை நம்ம பக்கத்து மாநிலத்துல நடந்துச்சு. ராபின் பஸ்! கேரளாவோட பத்தனம்திட்டாவுல இருந்து நம்ம கோவைக்கு. 2023-ல மத்திய அரசு அகில இந்திய சுற்றுலா வாகன பெர்மிட் விதிகளைப் புதுப்பிச்சுது. 'அந்த பெர்மிட் இருந்தா வழியிலயும் ஆள் ஏத்தலாம்'ங்கிறது ராபின் உரிமையாளரோட வாதம். 'அது சுற்றுலாவுக்கான பெர்மிட், டிக்கெட் போட்டு ஏத்தி இறக்குறது விதிமீறல்'ங்கிறது கேரள மோட்டார் வாகனத் துறையோட வாதம்.

2023 நவம்பர் 18-ம் தேதி பஸ் கிளம்புச்சு. வழி நெடுக அதிகாரிகள் மறிச்சு மறிச்சு அபராதம் போட்டாங்க. அதே வழி நெடுக மக்கள் கூடி நின்னு மாலை போட்டாங்க. தமிழ்நாட்டு எல்லையில சாவடி செக்போஸ்ட்ல வரியும் அபராதமுமா 70,410 ரூபாய் கட்ட வேண்டி வந்துச்சு. மறுநாள் கோவையில நம்ம அதிகாரிகள் பஸ்ஸையே பிடிச்சு வச்சுட்டாங்க. சேனல்கள் எல்லாம் கிரிக்கெட் மேட்ச் மாதிரி நேரலை ஓட்டின நாள்கள் அவை.

சட்டப்படி யார் சரின்னு தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்லை. எனக்கு அதுல பிடிச்ச விஷயம் வேற. ராபின் ஓட ஆரம்பிச்ச உடனே, கேரள அரசு போக்குவரத்துக் கழகமும் பத்தனம்திட்டாவுல இருந்து கோவைக்கு ஒரு பஸ் விட்டுச்சு. போட்டிக்கு விட்டதாவே இருக்கட்டும். அந்த ரூட்ல ஆள் இருக்குன்னு ஒத்தை பஸ்காரர் தன் சொந்தக் காசைப் போட்டுக் காட்டினதுக்கப்புறம்தானே வந்துச்சு?

ஜெர்மனியில இதே மாதிரி ஒரு பூட்டு இருந்துச்சு. ரயிலுக்குப் போட்டியா நீண்ட தூர பஸ் ஓட்டக் கூடாதுன்னு பல பத்து வருஷமா கட்டுப்பாடு. 2013 ஜனவரியில அதைத் திறந்துவிட்டாங்க. அந்த வருஷமே ஓட ஆரம்பிச்சதுதான், இப்போ இந்தியாவுக்கும் வந்துட்ட பிளிக்ஸ்பஸ். பச்சை பெயின்ட்டும் ஆப்பும் அவங்களோடது, பஸ்ஸும் டிரைவரும் பெரும்பாலும் உள்ளூர்ச் சின்ன கம்பெனிகளோடது. இங்க அது பெரிய நகரங்களுக்கு நடுவுலதான் ஓடுது. நம்ம மலைக்கு அது வரும்னு நான் காத்திருக்கலை.

பஸ் வராத இடத்துல யாருமே பயணம் பண்ண மாட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. பண்ணுவாங்க. ஏதோ ஒரு வண்டியில பண்ணுவாங்க. 2022 ஏப்ரல் 2-ம் தேதி, திருப்பத்தூர் மாவட்டத்துல இருக்குற மலைப்பகுதியில, செம்பரை கோயிலுக்குச் சாமி கும்பிடப் போனவங்களை ஏத்திட்டுப் போன சரக்கு வேன் பள்ளத்துல கவிழ்ந்துச்சு. 11 பேர் இறந்துட்டாங்க. அதிகம் பெண்கள், சிறுமிகள். அதுக்கப்புறம் வழக்கமான எச்சரிக்கை: 'சரக்கு வாகனத்தில் ஆள்களை ஏற்றக் கூடாது.' சரிதான். ஏத்தக் கூடாதுதான். வேற எதுல ஏறணும்னும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா?

அரசு தரப்பு பயத்துலயும் நியாயம் இருக்கு, அதை மறைக்க விரும்பலை. தனியாருக்குத் திறந்துவிட்டா, கூட்டம் வர்ற நேரத்தை மட்டும் அள்ளிட்டுப் போயிடுவாங்க. மதியம் ரெண்டு மணி காலி டிரிப் அரசு பஸ் தலையில விழும். 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்கள்ல பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கு. அதை எந்தத் தனி முதலாளியும் தரப்போறதில்லை. அதனால, இருக்குற அரசு பஸ் ஒண்ணுகூடக் குறையக் கூடாது. நான் கேட்கிறது, அரசு பஸ் ஓடாத ரூட், ஓடாத நேரம் பத்தி மட்டும்தான்.

அதுக்கு வழி சட்டத்துக்குள்ளேயே இருக்குங்கிறதுதான் ஆச்சர்யம். 87-வது பிரிவுல தற்காலிக பெர்மிட் உண்டு. திருவிழா, பருவகால வியாபாரம், குறிப்பிட்ட தற்காலிகத் தேவைன்னு நாலு மாசத்துக்கு மிகாம கொடுக்கலாம். 104-வது பிரிவு இன்னும் சுவாரஸ்யம். அரசுக்குன்னு ஒதுக்கின ரூட்ல அரசுக் கழகம் பெர்மிட்டே கேட்கலைன்னா, வேற ஒருத்தருக்குத் தற்காலிக பெர்மிட் கொடுக்கலாம். அரசுக் கழகம் பெர்மிட் வாங்கின நாள்ல அது காலாவதியாகிடும். ராபின் கதையில சண்டையா நடந்ததை இந்தப் பிரிவு சத்தமில்லாம நடத்திக் காட்டலாம். தனியார் ஓட்டிப் பார்க்கட்டும், கூட்டம் வந்தா அரசு எடுத்துக்கட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துல கிடக்கு. 2019-ல வேலூர் மாவட்டத்தைப் பிரிச்சப்போ திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆச்சு. ஒரு வட்டாரத்துல வாங்கின பெர்மிட் இன்னொரு வட்டாரத்துல செல்லணும்னா அங்கேயும் மேலொப்பம் வாங்கணும். ஒரே மலையைச் சுத்தி வர அண்ணன் எத்தனை ஆபீஸ் படி ஏறணும்னு பார்த்துக்கோங்க. பஸ்ஸைவிட ஃபைல்தான் அதிக கிலோமீட்டர் ஓடும்!

தமிழ்நாட்டுல வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தோட பொறுப்புல இருக்குறது மாவட்ட ஆட்சியர். அவரைப் பார்க்க திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கு. மனுவுல 'பஸ் வேண்டும்'னு மட்டும் எழுதாம, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்குச் சுமார் எத்தனை பேர், இப்போ எந்த வண்டியில போறாங்கன்னு எழுதிக் கொடுங்க. கூடவே 87, 104 இந்த ரெண்டு நம்பரையும். மறக்காம ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கோங்க. அந்தச் சீட்டு இல்லாம திரும்பி வந்தா, பதிலைக் கேட்டு மறுபடியும் மலை இறங்குறப்போ கையில காட்ட எதுவும் இருக்காது.